நெரிடாவின் உறுமாத இன்ஜின்

நெரிடா பாஸ்கோவுக்குப் பணிந்து போகத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில் எங்கள் ஊர் பேக்கரியில் காலையில் இறைச்சி அடைத்த பாஸ்டி சுடுவாள். மதியத்துக்கு மேல் கொட்டகையில் தன் பந்தயக் காரின் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பாள். எங்கள் கிளப்பின் பந்தய மண் பாதையில் புழுதி அடங்கத் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவன் நான். அவள் வாங்கிய ஏச்செல்லாம் என் காதுபட வாங்கியதுதான்.

அந்த வருடம் அக்கம்பக்கத்தார் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல, எல்லாக் கார்களுக்கும் சைலன்சர் கட்டாயமானது. எல்லோருக்கும் வேகம் குறைந்தது. அடுத்த பந்தயத்தில் நெரிடா கடைசிக்கு முந்திய ஆளாக வந்தாள். கிளப் தலைவர் கெவன் ஷுல்ட்ஸுக்கு அது போதாதா? அவனும் கார் ஓட்டுகிறவன்தான்.

"கடைசிப் பந்தயத்துல முதல் மூணு இடத்துக்குள்ள வரலேன்னா, அடுத்த சீசன்ல நீ பெண்கள் பிரிவுக்குப் போயிடு. எதுக்கும்மா எங்களோட மல்லுக்கட்டுற?"

"யார் எங்க போறாங்கன்னு பார்ப்போம்."

எங்கள் ஆட்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. நிற்கும்போதே இன்ஜின் திக்கித் திக்கி உறும வேண்டும். அதற்காக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வை நெடுநேரம் திறந்து வைப்பதாகப் பார்த்துப் போடுவார்கள். சைலன்சர் வந்த பிறகு இன்னும் அதிக நேரம் திறந்து வைப்பதாகப் போட்டார்கள். நெரிடாவும் முதலில் அதைத்தான் செய்தாள். வளைவை விட்டு வெளியே வரும்போது கார் முக்கித் திணறியது. கழற்றி எறிந்துவிட்டு, நேரெதிராக ஒன்றைக் கடைந்து வரவழைத்தாள்.

"சைலன்சர் புகையை மறிக்குது. வால்வு திறந்தே கிடந்தா அந்தப் புகை திரும்ப உள்ளதான் வரும். லேட்டாத் திறக்கட்டும், சீக்கிரம் மூடட்டும்" என்றாள்.

"உச்ச வேகம் போயிடுமே?" என்றேன்.

"நம்ம பாதையில அதுக்கு இடம் எங்கய்யா இருக்கு? வளைவுல இருந்து எழும்புறதுக்குத்தான் பலம் வேணும்."

கடைசிப் பந்தயத்தன்று, நின்ற இடத்தில் அவள் காரின் இன்ஜின் உறுமாமல், அலுங்காமல் ஓடியது.

"தையல் மெஷின் கொண்டாந்திருக்காடா!" என்று கெவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தண்ணியைக் குறைச்சு விடட்டுமா? பாதை காஞ்சா டயர் வழுக்காது, எழும்புற உனக்குத்தான் நல்லது" என்று அவளிடம் கிசுகிசுத்தேன்.

"எப்பவும் விடுற மாதிரி விடு. உன் தயவுல ஜெயிச்சா அது ஜெயிப்பா?"

போய் வழக்கம்போலத் தண்ணீர் விட்டேன்.

நேர்ப்பாதையில் எல்லோரும் அவளை நெருங்கினார்கள். ஆனால் வளைவுக்கு வளைவு அவர்கள் கார்கள் முக்கி முனகும்போது, இவள் எழும்பிப் போய்விட்டிருந்தாள். இரண்டாவதாக வந்தாள். கெவனுக்கு ஐந்தாம் இடம். நான் வண்டியின் ஹாரனை விடாமல் அடித்தேன்.

கெவன் தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"நெரிடா, வால்வை எப்போ மூடுற? அதை மட்டும் சொல்லேன்."

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"சொல்றேனே. முதல்ல நீ போய்ப் பெண்கள் பிரிவுல பேரைக் குடு."