நேற்றுக் கட்டினவனை நம்பாதவர்

புதன்கிழமை காலை முகப்பேர் சிக்னலில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தபோது செல்வம் கூப்பிட்டான். நம் நாடகக் குழுவை நடத்துகிறவன். நலம் விசாரித்தால்கூட வசனம் பேசுவது போலத்தான் பேசுவான். அன்று ஒற்றை வரிதான். "பலராமன் அண்ணன் விடிகாலைல போய்ட்டாரு." பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. முந்தின நாள் அவர் அரங்கத்தில் கட்டிவிட்டுப் போன விளக்குகள்தான் கண்முன் வந்தன. ஞாயிற்றுக்கிழமை நாடகம். அவற்றுக்குக் கீழேதான் நம் ஆட்கள் நிற்க வேண்டும். அப்போது பிடித்த பதைப்பு இதை எழுதும்போதும் அடங்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். மாலையில் நம் குழுவுக்குத் தலைமை எலக்ட்ரீஷியன். எந்த வெளிச்சம் எந்த முகத்தில் விழ வேண்டும் என்று திட்டம் போடுவது என் வேலை. அந்த விளக்கை மேலே ஏற்றி, கட்டி, கரண்ட் கொடுத்து, யார் தலையிலும் விழாமல், யாருக்கும் ஷாக் அடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. "நீ வெளிச்சத்துக்கு ஜவாப்தாரி, நான் உசுருக்கு" என்பார். அடக்கம் என்ற சமாச்சாரமே அவரிடம் கிடையாது. நாடகம் நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால், எழுதினவனுக்கும் நடித்தவனுக்கும் முந்திக்கொண்டு அவர்தான் கும்பிடு போடுவார்.

யாராவது ஏணியில் ஏறினால் மெயின் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேறு எவனும் தெரியாமல் கரண்டைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஒரு நாள் பள்ளிக்கூட அரங்கம் ஒன்றில் வேலையை முடித்துவிட்டு, கட்டையைப் பையில் வைத்துக்கொண்டே மண்ணூர்பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். சிறப்பு விருந்தினர் வந்து மாலையும் கழுத்துமாக இருட்டில் உட்கார்ந்திருந்தார். நான் போனில் கத்தினேன். வாயில் மீன் குழம்பு வாசனையோடு வந்து சேர்ந்தவர் முகத்தில் துளி வருத்தம் இல்லை. "கட்டை எங்கிட்ட கீதுன்னா யாரும் சாவலன்னு அர்த்தம். இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

நாங்கள் சண்டை போடாத நாடகம் இல்லை. ஒரு முறை கதாநாயகி உட்காரும் ஊஞ்சலுக்கு நேர் மேலே விளக்கு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அங்கே இருந்த கம்பியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, முடியாது என்று இறங்கிவிட்டார். என் கற்பனையைக் கொல்கிறீர்கள் என்றேன். "கற்பனை செத்தா நாளைக்கு வேற பொறக்கும். அந்தப் பொண்ணு செத்தா அவங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். பக்கவாட்டிலிருந்துதான் வெளிச்சம் போட்டோம். ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவருடைய பழக்கங்களில் செல்வத்துக்குக் கொஞ்சமும் பிடிக்காதது ஒன்று உண்டு. முந்தின நாள் கட்டிய விளக்கை, அவரே கட்டியிருந்தாலும், நாடகத்தன்று காலையில் தளர்த்தி மறுபடி இறுக்குவார். நீங்களே கட்டினதுதானே அண்ணா, எதுக்கு வெட்டி வேலை என்று செல்வம் சலித்துக்கொண்டபோது அவர் சொன்னது: "நேத்து கட்டினவன் ஊட்டுக்குப் போற அவசரத்துல இருந்தான்டா. அவன நம்பி உன்ன அதுக்குக் கீழ நிக்க வெக்க சொல்றியா?"

அதனால்தான் அடக்கம் முடிந்து திரும்பும்போது செல்வம் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. நாடகத்தை நிறுத்த வேண்டாம் என்று அவர் மனைவி கஸ்தூரி அண்ணியே சொல்லிவிட்டார். "அண்ணன் கடைசியா கட்டினது. யாரும் கை வெக்க வேணாம். அப்படியே வெச்சு நடிப்போம், அதான் அவருக்கு மரியாத" என்றான் செல்வம். எல்லோரும் தலையாட்டினார்கள். அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று சொன்ன என்னை ஈவிரக்கம் இல்லாதவளைப் போலப் பார்த்தார்கள். இரண்டு இரவுகள் தூக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அண்ணியிடம் போய் நின்றேன். துக்க வீட்டில் நட்டு போல்ட்டைப் பற்றி எப்படிக் கேட்பது? திக்கித் திணறிக் கேட்டேன். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவரு இருந்தா அவரே அவுத்திருப்பாரு. இத கேக்கவா வந்துகீற? போய் வேலையப் பாரும்மா."

இன்று காலை அவிழ்த்தோம். கோபம் தீராமலேயே செல்வம் ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு விளக்கும் கல்லைப் போல இறுகியிருந்தது. போல்ட் கழன்றாலும் விளக்கைக் கீழே விடாத காப்புச் சங்கிலி ஒவ்வொன்றிலும் ஒழுங்காக மாட்டியிருந்தது. கீழே அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைசி விளக்கு, இரண்டாம் காட்சியில் செல்வம் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே. அதன் போல்ட் விரலாலேயே சுற்றியது. சங்கிலி மாட்டாமல் தொங்கியது. பக்கத்தில் கம்பியின் மேல் அவருடைய ஸ்பேனர் இருந்தது. சாமானை மேலே வைத்துவிட்டு இறங்குகிறவனைக் காது கூசத் திட்டுகிற மனிதர் அவர்.

"இன்னா ஆச்சு?" என்றான் செல்வம். ஸ்பேனரை எடுத்துக் காட்டினேன். "செவ்வாக்கிழமை வாயு புடிச்சிகிச்சுன்னு நெஞ்சத் தேச்சிகினே எறங்கினாரு. காலைல வந்து முடிக்கிறேன்னாரு. எப்பவும் மறுபடி இறுக்குவாரே, அததான் சொல்றாருன்னு நெனச்சேன்" என்றான். பிறகு ஏணியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. அந்தக் கை எந்த போல்ட்டில் தளர்ந்தது என்பது இப்போது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நாளை அவன் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

இறுக்கினேன். சங்கிலியையும் மாட்டினேன். அவர் படத்துக்கு முன்னால் நாளை விளக்கேற்றுகிறவர்கள் அவருடைய துணிச்சலையோ கேலியையோ நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அவருடைய சந்தேகம் போதும். அது தூங்க விடாது, பரவாயில்லை.

செல்வம், இது உனக்கு. நாளை காலை சீக்கிரம் வந்து அந்தக் கடைசி விளக்கை நீ அவிழ்த்துப் பார். இன்று அதைக் கட்டினவள் அழுதுகொண்டிருந்தாள்.