சேவல் வருஷத்துப் பெண்

அன்புள்ள பஜனைத் தோழிகளுக்கு,

இன்று காலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், மகள் கோமதி, அவளைப் பெண் கேட்டு வந்த மானாம்பதிப் பையனின் அப்பா, பினாங்கிலிருந்து வந்த பையனின் தாய்மாமன்.

ஜாதகம் பொருந்திவிட்டது. ஆனால் தாய்மாமன் ஒரு சீனக் காலண்டரை விரித்தார்.

"சீனாக்காரங்க வருஷத்துக்கு ஒரு மிருகம் வெப்பாங்க. பையன் அம்பத்திரண்டுல பொறந்தவன், டிராகன். பொண்ணு அம்பத்தெட்டு, நாய். ரெண்டுக்கும் ஆவாதும்மா. அங்க இத்தப் பாக்காம கட்டமாட்டாங்க."

 பெருமாளை நினைத்துக்கொண்டு, "சீனாக்காரங்களுக்கு வருஷம் எப்பண்ணே பொறக்குது?" என்றேன்.

"எப்பவும் பொங்கல் கழிச்சுத்தான்."

"இவ பொங்கலன்னைக்கே பொறந்தவளாச்சே! அப்போ முந்தின வருஷக் கணக்குதானே?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "அட, சேவல்! டிராகனுக்கு அத்தவிட நல்ல ஜோடி கெடையாது." உடனே முகம் சுருங்கியது. "ஆனா வருஷத்துக்கு ஒரு பூதமும் உண்டே. இவ நெருப்பு, அவன் தண்ணி."

அடுப்படியிலிருந்து கோமதியின் குரல் வந்தது: "சோறு பொங்க ரெண்டுந்தானே மாமா வேணும்?"

பையனின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "போதும்யா, காலண்டரைச் சுருட்டு. இவதான் எங்க வூட்டு மருமவ."

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்ன மிருகம் என்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தெரிந்து என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். யார் யார் வருகிறீர்கள் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.