கடல் இல்லாத ரிசார்ட்டும் முருகேசன் வாங்கி வந்த கார்டும்

எங்கள் வீட்டு கம்ப்யூட்டரைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். வெறுங்காலோடு தொட்டால் முழங்கை வரைக்கும் ஏறும். செங்கல்பட்டில் அந்த வாடகை வீட்டில் எர்த் எல்லாம் எங்கே இருந்தது... வீட்டுக்குள் செருப்பு போட அம்மா அனுமதி கொடுத்த ஒரே இடம் அந்த மேஜைதான்.

2005, 2006 வாக்கில் இருக்கும். பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்த மெஷின். மதர்போர்டு ஒரு பொங்கலுக்கு வந்தது, மானிட்டர் அடுத்த தீபாவளிக்கு. எல்லாவற்றையும் பூட்டி ஓடவைத்தவன் முருகேசன். பாலிடெக்னிக்கில் என் பெஞ்ச்.

எங்கள் தெருவில் பாதி கம்ப்யூட்டர் அவன் கை பட்டதுதான். சனிக்கிழமை காலை எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போவான். சீட்டில் எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் பார்ட்ஸ் வந்துவிடும். கூலி வாங்க மாட்டான், கேட்டாலே கோபித்துக்கொள்வான். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். அதுவே எவ்வளவு பெரிய பேஜாரு என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷம்தான் எனக்கென்று முதல் வேலை ஒன்று வந்தது. திருவிடந்தை பக்கம் ஒருவர் ரிசார்ட் கட்டப் போகிறார். கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் அதற்குள் நடந்து பார்க்க ஆசைப்பட்டார். கீபோர்டைத் தட்டினால் காட்டேஜ், நீச்சல் குளம், கடற்கரை எல்லாம் வரவேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால் அடுத்த ரெண்டு கட்டடமும் எனக்குத்தான். நான் வேலை பார்த்த டிராஃப்டிங் ஆபீசில் யாரோ போட்ட கோட்டை நாள் முழுக்க காப்பி எடுக்கும் பிழைப்பை விட்டுவிடலாம்.

ஆனால் மதர்போர்டோடு வந்த கிராபிக்ஸை வைத்து ஒரு தென்னை மரம் நட்டாலே மெஷின் திணறியது. தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். என்னால் முடிந்தது ஒரு மாதச் சம்பளம்.

மூன்று வாரம் பிரவுசிங் சென்டரே கதி என்று கிடந்தேன். என் பட்ஜெட்டுக்குள் தண்ணீரையும் நிழலையும் ஒழுங்காகக் காட்டக்கூடிய கார்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 128 எம்பி. மாடல் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் ரெண்டு கோடு போட்டு முருகேசனிடம் கொடுத்தேன்.

சாயங்காலம் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"நீ எய்தினது 128 தான் மச்சான். அதே வெலைல வேற மாடல்ல 256 கீது. பேசிப் பேசி வாங்கினேன். ஃபேன் பாரு, எம்மாம் பெருசு."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எம்பி என்பது மொட்டைமாடித் தொட்டி மாதிரி, கார்டின் வேகம்தான் குழாய், குழாய் ஒல்லியாக இருந்தால் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தும் தண்ணீர் சொட்டத்தான் செய்யும் என்று விளக்கினேன். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசு என்றான். மாற்றலாம் என்றால், ஆசை தாங்காமல் ரெயிலிலேயே கவரைக் கிழித்திருக்கிறான். சீல் உடைந்த சரக்கைக் கடையில் தொடக்கூட மாட்டார்கள்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் காலையிலிருந்து சாப்பிடாமல் அலைந்து, திரும்பும்போது ரெயிலில் நின்றுகொண்டே வந்தவன்... ஒரு அம்பது ரூபாய் கமிஷன் வாங்கியிருந்தாலும் கிழி கிழியென்று கிழித்திருப்பேன். ஒன்றும் வாங்காதவனை என்ன சொல்லித் திட்டுவது?

கார்டு ஓடியது. காட்டேஜ் வந்தது. குளத்தண்டை போனதும் தடுமாறியது. கடலைப் போட்டதும் ஒரு அடி எடுத்து வைக்கப் பத்து செகண்ட் ஆனது.

அலையை எடுத்தேன். நிழலை எடுத்தேன். தென்னை மரங்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். அப்போதும் நகரவில்லை. கடைசியில் கடலையே தூக்கிவிட்டு, அந்தப் பக்கம் ஒரு காம்பவுண்ட் சுவரை எழுப்பினேன்.

அப்புறம் சர்ரென்று ஓடியது.

சிபியூவை பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ரிசார்ட்காரருடைய ஆபீஸ் மானிட்டரில் மாட்டிக் கொடுத்தேன். கேட்டில் ஆரம்பித்து ரசித்து ரசித்து நடந்தார். காட்டேஜைப் பார்த்து நல்லா இருக்கே என்றார். சுவரண்டை வந்ததும் நின்றார். கீயை ரெண்டு தடவை தட்டினார்.

"கடல் எங்கப்பா?"

அப்புறம் சேர்த்துவிடலாம் சார் என்றேன். ஜன்னலுக்கு வெளியே நிஜக் கடல் இரைந்துகொண்டிருந்தது.

"அதுக்குத்தானப்பா இந்த எடத்தையே வாங்கினேன்."

கோபப்படக்கூட இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். வேலை வேறு ஒருவருக்குப் போனது. நான் இன்னும் நாலு வருஷம் அந்த டிராஃப்டிங் ஆபீசிலேயே கோடு போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் முருகேசன் உட்கார்ந்து அம்மா சுட்ட தோசையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்காகத்தான் காத்திருந்தானாம். பிடிக்கவில்லையாம் என்று மட்டும் சொன்னேன்.

"ரசனை இல்லாத ஆளு. வுடு மச்சான்" என்று என் தட்டில் ஒரு தோசையை எடுத்து வைத்தான். சாப்பிட்டேன்.

இப்போது சொந்தமாக ஆபீஸ் வைத்திருக்கிறேன். என் மெஷினில் ஒவ்வொரு அலையும் தனித்தனியாக வந்து உடைகிறது. கார்டு வேண்டுமென்றால் போனிலேயே ஆர்டர் போட்டுவிடலாம், மறுநாள் வாசலுக்கு வந்துவிடும். போன வாரம் கேட்டது ஒன்று, வந்தது வேறு. கஸ்டமர் கேர் பெண்ணைப் பிடித்து முக்கால் மணி நேரம் கத்தித் தீர்த்தேன். என்னவெல்லாம் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சாப்டாம அலைஞ்சா மட்டும் போதுமா, சொன்னத வாங்கியாரத் தெரிய வேணாமா" என்றேன்.

"யாரு சார் சாப்பிடல?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். ரீஃபண்ட் ரெண்டே நாளில் வந்துவிட்டது. அந்த ரிசார்ட்டில் கடல் ஏன் இல்லாமல் போனது என்று முருகேசனிடம் இன்னும் சொல்லவில்லை.