மேல்தட்டில் மாதேஸ்வரன்

போன திங்கட்கிழமை எனக்குப் பொறாமை வந்தது. வயிற்றெரிச்சல் என்பதெல்லாம் வெறும் பேச்சு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை... காலையில் சாப்பிட்ட உப்பிட்டு, அதாவது மைசூர் உப்புமா, நெஞ்சுவரை வந்துவிட்டது.

யார் மேல்? என் மகளைவிட ஒரு வயது சின்னவரான ஒரு பெண்ணின் மேல்.

மைசூரில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கொண்டுவந்து விடும் குடும்பங்களுக்கும் வருடா வருடம் ஓரியன்டேஷன் நடத்துவது என் பொறுப்பு. இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு இது தெரியும். எந்த ஆண்டு மைக் காலை வாரியது, எந்த ஆண்டு மழையில் ஷாமியானா சரிந்தது, எந்த ஆண்டு மதியச் சாப்பாட்டில் ரசம் போதவில்லை... எல்லாவற்றையும் குறித்து வைத்திருப்பவன் நான். யாரும் கேட்பதில்லை. ஆனாலும் வைத்திருக்கிறேன்.

பெற்றோர் கூட்டம் எப்போதும் என்னுடையது. பல்கலைக்கழகத்தின் வரலாற்றை ஸ்லைடு போட்டு விளக்குவேன். இந்த நிலம் முதலில் யாரிடம் இருந்தது, முதல் கட்டடத்துக்குக் கல் எங்கிருந்து வந்தது, முதல் பேட்ச் எந்த மரத்தடியில் உட்கார்ந்து படித்தது... பழைய கெஜட்டியர்களையெல்லாம் புரட்டிச் சேர்த்த விஷயங்கள். பெற்றோர் தூங்குவார்கள். பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த ஆண்டு டீன் என்னைக் கூப்பிட்டு, பெற்றோர் கூட்டத்தை ஷிவானி நடத்தட்டும் என்றார். ஷிவானி ஆறு மாதத்துக்கு முன் போபாலில் இருந்து வந்து சேர்ந்தவர். மாணவர் ஆலோசகர். கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. அப்படியானால் எப்படி?

"நீங்க பக்கத்துல நின்னு மொழிபெயர்த்துடுங்க" என்றார் டீன்.

புரிகிறதா? என் மேடையில், என் மைக்கில், இன்னொருவர் பேச்சுக்கு நான் எதிரொலி.

ஷிவானி ஸ்லைடு எதுவும் போடவில்லை. ஹாஸ்டலில் முதல் வாரம் தான் அழுத கதையைச் சொன்னார். தன் அம்மா போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பதிலாக, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டே உளவு பார்த்த கதையைச் சொன்னார். நான் முதலில் கன்னடத்தில் சொன்னேன். பிறகு, தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய வந்திருந்ததால், தமிழிலும் சொன்னேன். அரங்கம் இரண்டு தடவை சிரித்தது. சிரிப்பு வந்தது என் வார்த்தைக்கு. ஆனால் எல்லோரும் பார்த்தது அவரை! யாருமே தூங்கவில்லை.

மைக் பார்த்துக்கொண்டிருந்த அட்டெண்டர் மஞ்சுநாத் என் காதோரம் வந்து, "ஈ வர்ஷ மேடம்தே ஹவா, சார்" என்றான். இந்த ஆண்டு மேடம் அலைதானாம். இவனுக்கு வருடா வருடம் மிச்சமாகும் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பவன் நான்.

சரி, கூட்டம்தான் போயிற்று. ஹாஸ்டல் சுற்றிக் காட்டுவது இன்னும் என் கையில்தானே இருக்கிறது என்று மதியத்துக்கு மேல் பெண்கள் விடுதிக்குப் போனேன். அங்கே முதல் மாடியில் ஒரு சிக்கல் எனக்காகக் காத்திருந்தது.

ஹனூரில் இருந்து வந்த பழனியம்மா என்ற அம்மா, மகள் மீனாவின் கட்டிலருகே ஒரு சாமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாதேஸ்வரன் படம். புலி மேல் சாமி, கண்ணாடி போட்டது. அதைத் தலைமாட்டில் மாட்ட வேண்டும். வார்டன் ஆணி அடிக்கக் கூடாது என்றுவிட்டார்.

விதி என்னுடையது. சுவரில் ஆணி, டேப், ஸ்டிக்கர் எதுவும் கூடாது. ஏன் அந்த விதி வந்தது? ஒரு ஆண்டு பிள்ளைகள் ஒட்டிய போஸ்டர்களைப் பிய்த்தபோது பெயின்டும் சேர்ந்து வந்தது, பிய்க்க முடியாத இடத்தில் சிமென்ட்டே வந்தது. இதை நல்ல தமிழில், பொறுமையாக, ஆதியோடு அந்தமாக எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது செரிங்க. ஆனா சாமி இல்லாத ரூம்புல புள்ளய உட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராதுங்க."

மேசையில் வைக்கலாமே என்றேன். ஒரு மேசைக்கு இரண்டு பேர். மற்றப் பெண்ணின் அயர்ன் பாக்ஸும் ஷாம்பூவும் ஏற்கெனவே குடியேறியிருந்தன. ஷாம்பூவுக்குப் பக்கத்தில் மாதேஸ்வரனா? அந்த அம்மா படத்தைத் துண்டில் சுற்றினார். டிரங்குப் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"வா கண்ணு, போலாம். நம்மூரு காலேஜே போதும்."

மீனா அழவில்லை. முகம் மட்டும் சுருங்கிவிட்டது. மைக்ரோபயாலஜி படிக்க வேண்டும் என்று ஒரு வருடம் காத்திருந்து இடம் வாங்கிய பெண் என்று காலையில் அவள் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். அந்த அப்பா இப்போது வராந்தாவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சும்னிரம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மீனா, பாதிக் கன்னடத்தில். சும்மா இருக்கச் சொன்னால் சும்மா இருக்கும் அம்மாவாகத் தெரியவில்லை.

விதி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எப்படித் தாண்டுவது என்றுதான் தெரியாது.

அப்போது வந்தார் ஷிவானி. வேறு யார்?

என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மீனாவுக்கு ஒதுக்கிய இரும்பு அலமாரியைத் திறந்தார். மேல்தட்டு கண் மட்டத்தில் இருந்தது. கையால் தட்டிப் பார்த்தார்.

தன் ஹாஸ்டல் அறையில் பிள்ளையார் அலமாரிக்குள்தான் இருந்தார் என்றார். காலையில் கதவைத் திறந்தால் முதல் முகம் அவர்தான். கதவைச் சாத்தினால் அவருக்கும் ஓய்வு. நான் மொழிபெயர்த்தேன்.

பழனியம்மா யோசித்தார். "துணி வெக்கற எடத்துல சாமியாங்க?"

மேல்தட்டில் சாமி மட்டும். துணியெல்லாம் கீழே. இதுவும் ஷிவானி சொன்னது, நான் மொழிபெயர்த்தது.

அந்த அம்மா சேலைத் தலைப்பால் மேல்தட்டைத் துடைத்தார். துண்டைப் பிரித்து விரித்து, அதன்மேல் படத்தைச் சாய்த்து வைத்தார். திருநீற்றுப் பொட்டலம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தார். விதி மீறப்படவில்லை. ஆணி இல்லை, டேப் இல்லை. இத்தனை ஆண்டுகளாக இந்த அலமாரிகளை வாங்கும் கமிட்டியில் இருக்கிறேன், ஒரு தடவையாவது ஒன்றைத் திறந்து உள்ளே என்ன வைப்பார்கள் என்று யோசித்திருப்பேனா?

நெஞ்சில் உப்பிட்டு மறுபடி ஏறியது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணுக்கு ஊரு எதுங்க?" என்றார். போபால், ரயிலில் இரண்டு ராத்திரி ஆகும் என்றேன். "இங்க யாரோட இருக்குது?"

எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியை ஷிவானியிடமே கேட்க வேண்டியதாயிற்று. மைசூர் ஹெப்பாள் பக்கம் ஒரு பேயிங் கெஸ்ட் அறையில் தனியாக இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் பெரும்பாலும் பிஸ்கட்தானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புதிதாக வருபவர்களை வரவேற்பதுதான் என் உத்தியோகம். ஆறு மாதமாக என் அறையிலிருந்து நாலு கதவு தள்ளி உட்கார்ந்திருக்கும் புதியவரை எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை.

பழனியம்மா மகளைப் பார்த்தார். "நெனச்சா நாங்க ஒரு பஸ்ஸுல வந்தர்லாம். இந்தப் புள்ளையோட அம்மா அப்படி வர முடியுமா? நீ இந்த அக்காவப் பாத்துக்கோணும். ஞாயித்துக்கெழம கூப்புட்டு ஒக்கார வெச்சுச் சோறு போடச் சொல்லு மெஸ்ஸுல. செரியா?"

மீனா தலையாட்டினாள். இருக்கப் போகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது. மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்ததால் அல்ல. மகள் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்ததால்!

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க வேண்டுமே.

ஒரு நொடி மனசு கோணலாகப் போனது. "தாங்க்ஸ் சொல்கிறார்கள்" என்று முடித்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? இத்தனை ஆண்டுகளில் என்னை யாராவது பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களா?

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சோறு உட்பட.

ஷிவானி ஜன்னலருகே போய்த் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். பாதி போயிற்று. மீதியோடு அவர்கள் வந்த வேன்வரை வழியனுப்பப் போனேன். வேன் கிளம்பும்போது பழனியம்மா ஜன்னல் வழியாக ஒரு தூக்குவாளியை என் கையில் திணித்தார். மனசு ஒரு துள்ளு துள்ளியது.

"அந்தப் போபால் புள்ளைகிட்டக் குடுத்துருங்க சார்."

கச்சாயம், எண்ணெயில் சுட்ட இனிப்புப் பலகாரம். மூடியைத் திறக்காமலேயே வெல்ல வாசனை சொல்லிவிட்டது. வாசலில் இருந்து ஷிவானியின் அறைவரை அதைத் திறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன் — இந்த ஆண்டு ஓரியன்டேஷனில் என் பங்களிப்பு அதுதான்.