அக்கா தொலைத்த அட்டை

ஸ்டெல்லா அக்கா இறந்துபோன செய்தி எங்களுக்குக் காலைக் கூட்டத்தில்தான் வந்தது. எங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை தொடங்குமுன் பேக்கிங் பெண்கள் எல்லோரும் வரிசையாக நிற்கும் கூட்டம் அது. "நம்ம சூப்பர்வைசர் ஸ்டெல்லா ஹார்ட் அட்டாக்ல தவறிட்டாங்க. ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்" என்றார் மேனேஜர். அந்த நிமிடம் முடிவதற்குள் அவருடைய போன் அடித்தது. பேசி முடித்தவர், முந்தைய நாள் உற்பத்திக் கணக்கை வாசிக்கத் தொடங்கினார். நாங்களும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அக்காவோடு வேலை செய்தவர்களுக்கு அந்தச் சிவப்பு அட்டை நினைவிருக்கும். டார்கெட் முடிக்காதவர் கழுத்தில் சூப்பர்வைசர் அதை மாட்டிவிட வேண்டும் என்பது மேனேஜர் கொண்டுவந்த ஏற்பாடு. 'இன்று நான் பின்தங்கிவிட்டேன்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். முதல் நாள் அக்காவிடம் கொடுத்து, கவிதாவுக்கு மாட்டச் சொன்னார். காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்த பெண். அட்டையை வாங்கிய அக்கா அதைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார்.

"லைன் என்னுது சார். கொறஞ்சா நான்தான் கொறஞ்சேன்."

மேனேஜர் சிரித்தார். "சரி, சாயங்காலம் வரைக்கும் கழட்டாதீங்க."

கேன்டீனில் அவர் எதிரே உட்காரவே எங்களுக்குக் கூசியது. அக்காவே கூப்பிட்டார். "இன்னாத்துக்கு தலைய தொங்கப் போட்டுக்கினு கீறீங்க? கழுத்துலதான மாட்டிக்கினு கீறேன், தொண்டைய அடைக்கல. துன்னுங்க."

மறுநாள் அட்டையைக் காணோம். "எங்கயோ தொலஞ்சிச்சி சார்" என்றார். அடுத்த வாரமே புதிது அச்சாகி வந்தது. இன்றும் அது யாராவது ஒரு பெண்ணின் கழுத்தில் தொங்குகிறது.

அடக்கத்துக்கு ஆரம்பாக்கம் போக எங்களில் சிலருக்குத்தான் பர்மிஷன் கிடைத்தது. பெட்டியை மூடப்போகும் நேரம். அக்காவின் கணவர் மரியதாஸ் அண்ணன் உள்ளே போய், பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். தொலைந்துபோனதாகச் சொன்ன அந்த அட்டை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"நல்லா வேல செஞ்சதுக்கு கம்பெனில குடுத்தாங்கன்னு சொல்லிச்சிமா. பொட்டில கூடவே வெச்சிடட்டா?"

பக்கத்தில் நின்ற கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாண்ணே. எங்ககிட்டயே இருக்கட்டும்" என்று வாங்கி, எழுத்து வெளியே தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"ஸ்டெல்லாவ நல்ல மரியாதையா வெச்சிருந்தீங்கமா" என்றார் அவர்.

"ஆமாண்ணே" என்றேன்.

புதிதாகச் சேரும் பெண்களை எங்கள் கம்பெனியில் டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அக்கா முதல் நாளே பக்கத்தில் போய், "உன் பேரு இன்னாமா?" என்று கேட்பார். வாயில் நுழையாத ஒடிசாப் பெயரானாலும் சரியாக வரும்வரை சொல்லிப் பார்ப்பார். அவர் இடத்தில் இப்போது என்னைப் போட்டிருக்கிறார்கள். சிவப்பு அட்டையை மாட்டிவிடுவதும் நான்தான். அவர் வழக்கங்களில் நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான். புதியவர்கள் வரும்போதெல்லாம் கேட்கிறேன். பெயர் சொல்லும் பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்கத்தான் இன்னும் முடியவில்லை.