நாற்காலியில் சொன்ன பேச்சு

கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டும்போதே வெர்னா டில்சன் பேச ஆரம்பித்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் தொடங்கி நாட்டு நடப்பில் போய் முடிப்பார். "இருபது வயசுப் பையனை அம்மா போன் பண்ணி எழுப்பி விடுறா. கேட்டா காலேஜ்ல படிக்கிறானாம். முதல்ல தானா எந்திரிக்கப் படிக்கட்டும், கண்ணு." சொல்லிக்கொண்டே நம் தலையைக் குனிய வைத்துவிடுவார். மோவாய் நெஞ்சில் முட்டிக்கொண்டிருக்கும்போது யார் எதிர்த்துப் பேச முடியும்?

கான்சஸின் மேற்குக் கோடியில் உள்ள எங்கள் ஊரில் முடிவெட்ட அவரை விட்டால் ஆள் இல்லை. அடுத்த கடைக்கு நாற்பது மைல் போக வேண்டும். கோதுமை விவசாயி, பாதிரியார், ஷெரிப், ஷெரிப்பின் மாஜி மனைவி எல்லோருக்கும் அந்த ஒரே நாற்காலிதான். வெர்னாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கிளிப்புகளைச் சட்டைக் காலரில் குத்தி வைத்திருப்பார். சில நாள் அப்படியே தேவாலயத்துக்கும் வந்துவிடுவார். மளிகைக் கடையில், வாங்குவதையெல்லாம் கணக்கு வைக்கும் தள்ளுபடி அட்டை கொடுத்தால் வாங்க மாட்டார். "நான் எத்தனை முட்டை திங்கிறேன்னு அவனுக்கு எதுக்குத் தெரியணும்?"

ஒரே மகளைத் தனியாக வளர்த்தவர். அவளுக்கு வந்த கடிதம் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை என்பதில் பெருமை உண்டு. பதினெட்டு வயதில் அவள் தொலைவில் ஆரிகன் மாநிலத்துக்குப் போய்விட்டாள். எப்போதாவது பேசுவாள். "அவ வாழ்க்கை அவளுது. நான் எட்டிப் பார்க்கிறதில்ல" என்பார் வெர்னா. அதைச் சொன்ன பிறகு, ஏற்கெனவே பெருக்கிய தரையை மறுபடி பெருக்குவார்.

கிழவர் ஃபிளாய்டு ஒருமுறை சீண்டினார். "எட்டிப் பார்க்கிறதில்லன்னு சொல்ற. ஊர்க் கதை அத்தனையும் உனக்குத் தெரியுதே?"

"தெரியும். உன் கதையும்தான் தெரியும். யார்கிட்டயாவது சொன்னேனா?"

 உண்மைதான். அந்த நாற்காலியில் சொன்ன எதுவும் வெளியே போனதில்லை.

மார்லீன் ரக்கர்ட் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவர் மகள் ஜோசி வேறு மாநிலத்தில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் ஊர் நினைத்தது. போன ஜனவரியில், பனிப்புயல் அடித்து ஓய்ந்த காலையில், அங்கே ஒரு பெரிய கடையின் வாகன நிறுத்தத்தில் தன் காருக்குள் இறந்து கிடந்தாள். குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டபடி தூங்கியிருக்கிறாள். புகைக்குழாயைப் பனி மூடி, நச்சுப் புகை காருக்குள் நிறைந்துவிட்டது. இலையுதிர் காலத்திலேயே வகுப்புக்குப் போவதை நிறுத்தி, விடுதியையும் விட்டுவிட்டாள் என்பது அப்புறம்தான் தெரியவந்தது. பல்கலைக்கழகம் வீட்டுக்கு எதுவும் சொல்லவில்லை. பதினெட்டு முடிந்தவள். சட்டப்படி அவள் விவரம் அவளுடையது.

மார்ச்சில் மார்லீன் முடிவெட்ட வந்தபோது நான் தலையில் சாயத்தோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். வெர்னா வாய் திறக்காமல் ஒரு பக்கத்தை வெட்டி முடித்தார். மார்லீன்தான் பேசினார்.

"யாருக்குமே தெரியாமப் போச்சே, வெர்னா. ஒரே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தாக்கூட..."

கத்தரி நின்றது. "எனக்குத் தெரியும்."

மார்லீன் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தார்.

"கிறிஸ்துமஸுக்கு வந்தப்போ இங்க வந்தா. கார்லதான் படுத்துக்கிறேன்னு சொன்னா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னா. நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும், அது உன் பொறுப்புன்னேன். திரும்பிக் கிளம்புறதுக்குள்ள சொல்லிடுறேன்னா."

"அதுக்கு நீ?"

"நீ இனிமே சின்னப் பொண்ணு இல்ல, சரியா நடந்துக்குவன்னு சொன்னேன்."

வெளியே காற்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. மார்லீனின் குரல் உயரவே இல்லை.

"அவ இங்க வந்துட்டுப் போன மறுநாள் தேவாலயத்துல உன்னைப் பார்த்தேன். ஜோசி இளைச்சிட்டாளே, ஏதாவது சொன்னாளான்னு கேட்டேன்."

"கேட்ட."

"இந்த வயசுப் பொண்ணுங்க எல்லாம் அப்படித்தான்னு சொன்ன."

"சொன்னேன்."

மார்லீன் கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து, மடித்து, நாற்காலிக் கையில் வைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார். "வகுப்புல நானும் இதைத்தான் சொல்வேன். அவங்கவங்க பொறுப்பு அவங்கவங்களுதுன்னு. வருஷா வருஷம் சொல்லியிருக்கேன்."

ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் இருந்த முடியோடு தெருவில் நடந்து போனார்.

வெர்னா என்னைக் தலை அலசும் தொட்டிப் பக்கம் கூப்பிட்டு, தலையைச் சாய்க்கச் சொன்னார். தண்ணீர் கொதித்தது. சூடு என்றேன். அவர் காதில் விழவில்லை. இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் குழாயைத் திருகினார்.

"நீங்களாச் சொல்லலன்னா அவங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றேன்.

"ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் பொறுப்புப் பொறுப்புன்னு பாடம் எடுத்தேனே. எனக்கு மட்டும் கிடையாதா?"

இன்றும் கூட்டம் குறையவில்லை. நாற்பது மைல் யார் போவார்கள்? மார்லீன் மட்டும் போகிறார். வெர்னா இப்போது பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்கிறார். ஃபிளாய்டு சீண்டிப் பார்த்துவிட்டு அவராகவே விட்டுவிட்டார்.

போன வாரம் எனக்கு முன்னால் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் இளம்பெண் நாற்காலியில் இருந்தாள். வெர்னா துணியைக் கட்டினார், சீப்பை எடுத்தார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெர்னா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும்..."

வெர்னாவின் கை சுவரில் மாட்டியிருந்த டிரையரை எடுத்தது. இரைச்சலில் மீதி கேட்கவில்லை. கண்ணாடியில் அந்தப் பெண்ணின் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்து நின்றன. வெர்னா தலையை நிமிர்த்தாமல், நனையாத அந்த முடியைக் காயவைத்துக்கொண்டே இருந்தார்.