மணி அடித்தால் போடு

தொட்டிக்குள் ஒரு கை. அந்தக் குட்டிப் படத்தைப் பார்த்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அப்போது நாலாம் வகுப்பு. அம்மா பனியன் கம்பெனியில், எப்படித் துவைப்பது என்று படம் போட்டுச் சொல்லும் வாஷ் கேர் லேபிள் வைத்துத் தைப்பவர். தப்பாக அச்சான லேபிள்கள் எனக்கு விளையாட்டுச் சாமான். தொட்டியில் கை இருந்தால் கையால் துவை. இஸ்திரிப் பெட்டிமேல் பெருக்கல் குறி இருந்தால் தேய்க்காதே. எந்த நாட்டுக்காரருக்கும் புரியும். அப்படியென்றால் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு ஏன் ஒன்று ஒட்டக்கூடாது?

ராத்திரி சாப்பிட்டதும் போடும் பெரிய மாத்திரை வயிற்றைக் கலக்குகிறது என்று அம்மா அதை அடிக்கடி விட்டுவிடுவார். "நிமிசத்துக்கொருக்கா பாத்ரூம் போனா சூப்பர்வைசர் மொறைக்கறாருங்க" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போடும் சின்ன மாத்திரை மறந்தே போகும். இனி மறக்க விடுவதில்லை என்று முடிவுகட்டினேன். பெரியதற்கு நிலா வரைந்தேன். சின்னதற்கு, கம்பெனியில் ஒரு மணிக்கு அடிக்கும் சாப்பாட்டு மணி.

"மணி அடிச்சா போடோணும். மறந்துட்டேன்னு சொல்லக்கூடாதுங்க."

"செரிங்க டாக்டரம்மா."

சனிக்கிழமை பள்ளி லீவு. அன்றைக்கு அம்மாவுக்குச் சூடாகச் சோறு கொண்டுபோவது என் வேலை. கேட்டில் வாட்ச்மேன் அண்ணன் உள்ளே விடமாட்டார். மணி அடித்தது. இந்நேரம் அம்மா மாத்திரை போட்டிருப்பார் என்று எனக்கு ஒரே பெருமை. ஆனால் யாரும் வெளியே வரவில்லை. ஏற்றுமதிக் கன்டெய்னர் கிளம்ப வேண்டுமாம், அதில் ஏற்றும் லாட்டைத் தைத்து முடித்துவிட்டுத்தான் சாப்பாடாம். டிபன் கேரியரைக் கைமாற்றிக் கைமாற்றி நின்றேன்.

இரண்டரை மணிக்கு அம்மாவின் பக்கத்து மிஷினில் தைக்கும் அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

அம்மா வேர்த்துக் கொட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். கை நடுங்கியது. மடியில் கிடந்த சட்டைகளில் லேபிள் தலைகீழாக. அக்கா டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு நீட்டினார்.

"சக்கரைக்காரிக்கே சக்கரையா? கொல்லப் பாக்கறயா?" என்றார் அம்மா.

"எங்க அத்தாவுக்கும் இப்படித்தான் வரும். மொதல்ல குடி, அப்புறமாத் திட்டு." அக்காவின் அப்பாவும் சர்க்கரைக்காரர்.

குடித்தார். கால்மணி நேரத்தில் தெளிந்து, என் கேரியரைத் திறந்து சாப்பிட்டார்.

"மாத்திரை போட்டீங்களாம்மா?"

"மணி அடிச்சதும் போட்டுட்டேன் சாமி."

அப்படியானால் என் லேபிள் சரி, வேறு ஏதோ சீக்கு என்று நினைத்தேன். அன்று சாயந்திரம் அந்த மணியின் மேல் இன்னும் அழுத்தமாக வரைந்தேன். அந்த வாரமே டாக்டர் சின்ன மாத்திரையை மாற்றிவிட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது நான் பார்மசி இரண்டாம் வருடம் படிக்கிறேன். பெரியது மெட்பார்மின். கல்லீரல் இரத்தத்தில் விடும் சர்க்கரையை மட்டுப்படுத்தும். வயிற்றைப் படுத்தும், ஆனால் தனியாகச் சர்க்கரையை அடிமட்டத்துக்குத் தள்ளுவது அரிது. சின்னது கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. சோறு வந்ததா என்று அது கேட்காது. அன்றைக்கு மாத்திரை கேட்டுக்கு உள்ளே, சோறு கேட்டுக்கு வெளியே, என் கையில்.

அதனால் அந்த வகை மாத்திரை போடுகிறவர்களுக்காக மறுபடி லேபிள் வரைகிறேன். மணி இல்லை. சோறு நிறைந்த தட்டு, பக்கத்தில் மாத்திரை. அடுத்த படத்தில் நடுங்கும் கை, பக்கத்தில் சர்க்கரை போட்ட டீ. நடுங்கும் கைதான் இன்னும் சரியாக வரவில்லை. ஆறு தடவை கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அதே கேட்டில் அம்மாவிடமும் அந்த அக்காவிடமும் காட்டப் போகிறேன். நான் வாய் திறக்காமல் அவர்களுக்குப் புரிய வேண்டும். புரியவில்லை என்றால், எட்டாவது.